மாறும் வித்தையும் மாறா வினாவும்

1. கூத்தரின் செல்வம்

செல்வம் வந்து சேர்தற்கும் விலகிப் போதற்கும் உவமை தேடிய திருவள்ளுவர், கூத்துக் காண வந்து கூடும் மக்களையும், கூத்து முடிந்தவுடன் கலைந்து செல்லும் அம்மக்களையும் எடுத்துக் காட்டினார். சிறிது சிறிதாகச் சேர்ந்த கூட்டம் ஒருங்கே கலைந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. செல்வர்க்கு இஃது உவமை. கூத்தர்க்கோ இதுவே வாழ்க்கை. உழவன் தான் விளைத்த நெல்லைக் குதிரில் இட்டுக் காக்கலாம். தச்சன் செய்த கட்டில் அவன் மறைந்த பின்னும் பயன்படும். கூத்தனோ நேற்றுக் காட்டிய வியப்பை இன்று மீண்டும் விற்க இயலாதவனாகின்றான். முதன்முறை வியப்பாய்த் தோன்றியது மறுமுறை வழக்கமாகும். மூன்றாம் முறை சலிப்பாகும். அன்றியும், அவன் காட்டுவது அனைத்தும் பலர் காணக் காட்டப்படுதலின், காண்போருள் ஒருவன் அதனைக் கற்றுக்கொண்டு, அடுத்த ஊரில் பாதி விலைக்குக் காட்டிவிடவும் கூடும்.

ஆகவே, மக்களை மகிழ்விப்பதையே தொழிலாகக் கொண்டார்க்குப் பகைகள் இரண்டு உள. ஒன்று காண்போரது சலிப்பு. மற்றொன்று போட்டியாளரது போலி. இவ்விரண்டையும் வென்று பல்லாண்டு முதலிடத்தில் நிற்றல் எங்ஙனம்? 'புதுமை செய்க' என்பது எளிய விடை. ஆயினும் எதனைப் புதுக்குவது, எதனைப் புதுக்காது காப்பது, எப்பொழுது புதுக்குவது என்னும் வினாக்களுக்கு அவ்விடை போதாது. இவற்றை ஆராய்தற்கு ஏற்ற வாழ்க்கை ஒன்று உண்டு. விலங்கும் பூட்டும் கயிறும் கட்டிவைக்க மாட்டாதவர் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளிலும் பெயர் பெற்ற ஹாரி ஹூடினி என்பாரது வாழ்க்கையே அது.

2. பெயர் தந்த முன்னோர்

ஹூடினியின் இயற்பெயர் எரிக் வைஸ். அவர் 1874-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில், யூத சமய குரு ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். 1878-இல் அக்குடும்பம் அமெரிக்கா சேர்ந்தது. விஸ்கான்சின் மாகாணத்து ஆப்பிள்டன் என்னும் ஊரிலும், பின்னர் நியூயார்க்கு நகரிலும், வறுமை நீங்காத இல்லத்தில் வளர்ந்த அச்சிறுவர், கழுத்துப்பட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே செப்படி வித்தை பயின்றார். பிரெஞ்சு நாட்டுப் பெரும் வித்தைக்காரராகிய இராபர்ட் ஹூடின் (1805–1871) எழுதிய தன்வரலாற்றைப் படித்து அதில் உள்ளம் தோய்ந்தமையால், அவர் பெயரின் இறுதியில் ஓர் எழுத்தொலியைச் சேர்த்து 'ஹூடினி' எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டார்.

அம்முன்னோர் செய்தது யாது என்பதை முதற்கண் அறிதல் நலம். இராபர்ட் ஹூடின் கடிகாரத் தொழிலில் வல்லவர். அவர் 1845-இல் பாரிஸ் நகரில் சிற்றரங்கு ஒன்று அமைத்தார். மந்திரவாதிக்கு உரியதென மக்கள் கருதிய நீண்ட அங்கியை நீக்கி, நன்மக்கள் மாலை விருந்திற்கு அணியும் உடையிலேயே அரங்கில் நின்றார். வித்தைகளின் உட்பொருளைக் காட்டிலும், அவை தோன்றும் சூழலையே அவர் பெரிதும் புதுக்கினார் எனலாம்.

இதற்கு ஒரு சான்று நம் சென்னை நகரோடு தொடர்புடையது. சென்னையில் முதியவர் ஒருவர், ஒரு தண்டின்மேல் கையை மட்டும் ஊன்றி, நிலத்தில் படாமல் வெளியில் அமர்ந்து காட்டினார் என்னும் செய்தி 1830-களில் ஆங்கில இதழ்களில் வெளிவந்தது. இதனை ஒத்த காட்சி ஒன்றை 1847-இல் இராபர்ட் ஹூடின் பாரிஸில் அமைத்தார். அவர்தம் இளமகன் ஒரு கோலின்மேல் முழங்கை ஊன்றி, உடல் முழுதும் கிடையாக வெளியில் மிதப்பவன்போல் கிடந்தான். அதற்கு முந்திய ஆண்டிலேதான், ஈதர் என்னும் மருந்தை முகர்வித்து நோவின்றி அறுவை செய்யலாம் என்பதை மருத்துவர் பாஸ்டன் நகரில் மெய்ப்பித்திருந்தனர். ஐரோப்பா எங்கும் அதுவே பேச்சு. இராபர்ட் ஹூடின், ஈதரே சிறுவனை இலேசாக்கியது என்று கூறி, அம்மருந்தின் மணம் அரங்கெங்கும் பரவுமாறும் செய்தார். வித்தை பழையது, அதனை மக்கள் உள்ளத்தில் அன்று ஓடிய எண்ணத்தோடு பிணைத்த முறையோ புதியது. ஹூடினி பின்னாளில், 1908-இல், இம்முன்னோரைக் கடிந்து ஒரு நூலே எழுதினார். ஆயினும் தம் தொழில்நெறியில் அவர் காட்டிய வழியை விட்டு விலகினாரல்லர்.

3. சேர்த்தலினும் நீக்கல் அரிது

ஹூடினி தொழில் தொடங்கிய காலத்தில் சீட்டுக்கட்டு வித்தை, கைக்குட்டை வித்தை முதலிய பலவும் காட்டி வந்தார். 1894-இல் மணம் புரிந்தபின் மனைவியார் பெஸ் என்பவரும் உடன் நின்றார். கைகள் கட்டப்பெற்றுச் சாக்கினுள் இடப்பட்டு, பெட்டிக்குள் பூட்டப்பட்ட ஹூடினி, மூன்று முறை கைதட்டும் பொழுதிற்குள் வெளியே நிற்பார். பெட்டியைத் திறந்து நோக்கின் அவர் மனைவியார் உள்ளே கட்டுண்டிருப்பார். இக்காட்சி நன்றெனினும், பத்து வித்தைகளுள் ஒன்றாக நின்றமையின் எவர் நினைவிலும் தங்கவில்லை. ஆண்டுகள் பல சிற்றரங்குகளிலும் ஊர்சுற்றும் குழுக்களிலும் குறைந்த கூலிக்கே கழிந்தன.

1899-இல் மின்னெசோட்டா மாகாணத்து செயின்ட் பால் நகரில், அரங்கு நிறுவனத் தலைவர்களுள் ஒருவராகிய மார்ட்டின் பெக் என்பார் அவரைக் கண்டார். ஹூடினி கைவிலங்கைக் கழற்றிய திறத்தை நோக்கிய பெக், சிறு வித்தைகளை எல்லாம் விட்டொழித்துத் தளைகளினின்று விடுபடுதல் ஒன்றையே பெருக்குமாறு அறிவுறுத்தினார். ஹூடினியின் வாழ்க்கையில் நிகழ்ந்த முதற்பெரும் புதுமை இதுவே. இது புதியதொன்றைச் சேர்த்ததன்று. பழையன பலவற்றை நீக்கியது. பல தொழில் ஓரளவு வல்லார் பலர் உளர். ஒரு தொழிலில் தமக்கு நிகரில்லார் சிலரே. மக்கள் ஒருவர் பெயரை ஒரு செயலோடு சேர்த்து நினைத்தற்கு, அவரே ஏனைச் செயல்களைத் துறத்தல் வேண்டும்.

1900-இல் அவர் இங்கிலாந்து சென்றார். இலண்டன் ஆல்ஹாம்பிரா அரங்கில் அவர் பெற்ற வெற்றி ஐரோப்பா முழுதும் அவர்க்கு வழி திறந்தது. சென்ற ஊர்தோறும் காவல் நிலையத்திற்குச் சென்று, அவ்வூர்க் காவலர் தம் விலங்குகளாலேயே தம்மைப் பிணிக்குமாறு கேட்பார். மறுநாட் செய்தித்தாள் அதனை வெளியிடும். அன்று மாலை அரங்கு நிறையும். 1904 மார்ச்சு 17-ஆம் நாள் இலண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில், 'மிரர்' என்னும் நாளிதழ் விடுத்த அறைகூவலை ஏற்று, பர்மிங்காம் கொல்லர் ஒருவர் ஐந்தாண்டு உழைத்து அமைத்ததாகக் கூறப்பட்ட விலங்கினைப் பூண்டார். சட்டையைக் கழற்றுதற்காக விலங்கைச் சிறிது திறக்குமாறு அவர் கேட்டபொழுது இதழினர் மறுத்தனர். உடனே சிறுகத்தியைப் பல்லாற் பற்றித் தம் மேற்சட்டையைக் கிழித்தெறிந்து, மீண்டும் திரைக்குள் புகுந்தார். ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருந்த மக்கள், அவர் விடுபட்டு வெளிவந்ததும் அவரைத் தோளிலேற்றிக் கொண்டாடினர்.

இந்நிகழ்ச்சியில் மக்கள் கண்டது யாது? விலங்கு திறந்த முறையை எவரும் கண்டிலர். அது திரைக்குள் நிகழ்ந்தது. அவர்கள் கண்டது ஒரு வினாவையே: 'இம்மனிதர் விடுபடுவாரா, மாட்டாரா?' ஹூடினி விற்றது பூட்டுத் திறக்கும் கைத்திறன் அன்று. அவ்வினா உள்ளத்தில் எழுப்பும் துடிப்பையே என்று தெளிக.

4. ஏறிய ஏணியை அகற்றுதல்

புகழ் பெருகப் பெருகப் போலிகளும் பெருகினர். 'விலங்கரசர்' என்னும் பட்டத்தோடு அரங்கேறுவோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலராயினர். அதற்குக் காரணமும் உண்டு. அக்காலத்து விலங்குகளிற் பல ஒரே மாதிரியாகச் செய்யப்பட்டமையின் ஒரு திறவுகோலே பலவற்றிற்கும் பொருந்தும். சிலவகை ஆங்கில விலங்குகளோ வன்மையான பொருளின்மேல் உரிய இடத்தில் மோதியவுடன் தாமே திறந்துகொள்ளும். மறை இத்துணைச் சிறிதாயின் அதனைக் காத்தல் எங்ஙனம்?

ஹூடினி செய்தவை மூன்று. முதலாவது, தம் இளவல் தியோடோரை ஐரோப்பாவிற்கு வரவழைத்து, 'ஹார்டீன்' என்னும் பெயரில் தமக்கே போட்டியாளராக நிறுத்தினார். எதிரி ஒருவர் இருந்தே தீர்வரெனின், அவர் தம் வீட்டவராகவே இருக்கட்டும் என்பது அவர் கருத்து. இரண்டாவது, பிறர் பின்பற்ற இயலாத புதிய அருஞ்செயல்களை ஆக்கத் தொடங்கினார். மூன்றாவது, புதியன கைவந்தபின், 1910-ஐ ஒட்டி, விலங்கு திறக்கும் வழிகளைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். மறை வெளியானவுடன் அதனையே நம்பி வாழ்ந்த போலிகளின் தொழில் மதிப்பிழந்தது. அவர்க்கோ இழப்பில்லை, அவர் அதற்குள் அடுத்த படியில் நின்றார். தாம் ஏறிவந்த ஏணியைப் பிறர் ஏறாவண்ணம் தாமே அகற்றியது போன்றது இச்செயல்.

அவ்வடுத்த படி 1908 சனவரி 27-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரில் காட்டப்பட்ட பாற்கலமாகும். பால் கொண்டுசெல்லும் கலம்போல் அமைந்த, ஆள் புகத்தக்க பெரிய உலோகக் கலத்தில் நீர் நிரப்பப்படும். ஹூடினி அதனுள் மூழ்குவார். மூடி இடப்பட்டுப் பல பூட்டுகள் பூட்டப்படும். முன்னே திரை இழுக்கப்படும். தாம் மூழ்கும்பொழுது காண்போரும் தம்முடன் மூச்சை அடக்கிப் பார்க்குமாறு அவர் முன்னரே கேட்டுக்கொள்வார். ஒரு நிமிடம் கழிவதற்குள் அரங்கினர் பெரும்பாலோர் மூச்சு விட்டுவிடுவர், உள்ளிருப்பவரோ வெளிவந்திலர். அதுவரை வேடிக்கை பார்த்தவர் அனைவரும் அந்நொடிமுதல் அச்சத்திற்குப் பங்காளர் ஆவர். கலத்தின் கழுத்தில் அமைந்த ஆணிகள் மெய்யான ஆணிகள் அல்ல என்பதே இதன் மறை. மறை எளிது, காண்போரது மூச்சையே கருவியாக்கிய அமைப்பே அரிது. விலங்கு அவிழாவிடின் நேர்வது அவமானம். கலம் திறவாவிடின் நேர்வது மரணம். வினா மாறவில்லை, அதன் விளைவே கடுமையாயிற்று.

5. திரை விலகிய வரலாறு

புதுமை எப்பொழுதும் தலைவரது அறிவிலேயே தோன்றும் என்பதில்லை. பித்தரைக் கட்டிவைக்கும் வன்றுணிச் சட்டையினின்று விடுபடுதலை ஹூடினி முதலில் திரைக்குள்ளேயே செய்து வந்தார். திரைக்குள் எவரோ மறைந்திருந்து உதவுகின்றார் எனக் காண்போர் ஐயுற்றனர். இளவல் ஹார்டீன், அதனைத் திரையின்றி அனைவரும் காணச் செய்துபார்த்து, அவ்வாறு செய்தலே மக்களைப் பெரிதும் ஈர்க்கின்றது எனக் கண்டார். உருண்டும் புரண்டும் தோளை முறுக்கியும் ஒருவர் படும்பாட்டை நேரிற் காண்பதே மக்கட்கு விருப்பமாயிற்று. தமையனார் அதனை ஏற்றுக்கொண்டு மேலும் வளர்த்தார். 1915-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல், வானளாவிய கட்டடங்களின் மேலிருந்து தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, நண்பகலில், தெரு நிறைந்த மக்கள் முன்னிலையில் அச்சட்டையைக் களைந்து காட்டலானார்.

இதன் வணிக நுட்பமும் நோக்கத்தக்கது. அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தவை செய்தித்தாள் நிலையங்களின் கட்டடங்கள். தெருவிற் காண்போர் காசு தரவேண்டுவதில்லை. ஆயினும் அக்கூட்டத்தின் படம் மறுநாள் இதழில் வெளிவரும். இலவசமாய்க் கண்டவர் மாலையில் சீட்டு வாங்கி அரங்கிற்கு வருவர். கொடுத்துப் பெறுதல் என்னும் பழைய நெறி இது.

6. காக்க வேண்டியதைக் காத்தல்

ஹூடினியின் அருஞ்செயல்களுள் தலையாயது நீர்ச்சிறை. கால்கள் மரத்தளையிற் பூட்டப்பட, தலைகீழாக, முன்புறம் கண்ணாடி பதித்த நீர் நிறைந்த பெட்டிக்குள் அவர் இறக்கப்படுவார். இது 1912 செப்டம்பர் 21-ஆம் நாள் பெர்லின் நகரத்து புஷ் சர்க்கஸ் அரங்கில் முதன்முதல் பொதுமக்கட்குக் காட்டப்பட்டது. ஆயின் அதற்கு முந்திய ஆண்டே, 1911-இல், இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரில், ஒரே ஒருவர் மட்டும் பார்வையாளராய் அமர்ந்திருக்க, அதனை ஒரு நாடகமாக நடித்து முடித்திருந்தார். ஒருவர்க்காக நாடகம் நடிப்பானேன்? வித்தைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, நாடகத்திற்கு உண்டு. ஒருவரேனும் கட்டணம் கொடுத்துக் காண அரங்கேறியது நாடகம் எனப்படும். பின்னர்ப் போலி செய்ய முற்பட்டாரைத் தடுத்தற்கு இவ்வுரிமை அவர்க்குத் துணையாயிற்று.

இங்கே ஒன்று கருதத்தக்கது. விலங்கு வித்தையைத் தாமே வெளியிட்டவர், நீர்ச்சிறையின் மறையை இறுதிவரை வெளியிட்டிலர். பாற்கலத்தைத் தம் இளவலுக்குக் கொடுத்தவர், நீர்ச்சிறையை 1926 வரை பதினான்கு ஆண்டு தாமே காட்டி வந்தார். ஓயாது மாற்றுதலே புதுமை என்பார்க்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் அன்று. பிறர் எளிதிற் பெறத்தக்கதை விரைந்து துறத்தலும், பிறர் பெறற்கரியதை நெடிது காத்தலும் ஒரே அறிவின் இரு கூறுகளாம்.

7. பொருந்தாப் புதுமைகள்

அவர் செய்த புதுமைகள் அனைத்தும் நிலைத்தன என்று கூறுதற்கில்லை. 1910 மார்ச்சு 18-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரை அடுத்த டிக்கர்ஸ் ரெஸ்ட் என்னுமிடத்தில் வான ஊர்தியைச் செலுத்திப் பறந்தார். அந்நாட்டு வானூர்தி வரலாற்றில் அஃது ஒரு தொடக்கமாகப் போற்றப்படுகின்றது. எனினும் ஆஸ்திரேலியாவை விட்டு நீங்கியபின் அவர் மீண்டும் ஊர்தி செலுத்தியதில்லை. 1918 சனவரியில் நியூயார்க்கு ஹிப்போட்ரோம் அரங்கில் ஜென்னி என்னும் யானையை மறையச் செய்தார். ஐயாயிரவர் அமரும் அப்பேரரங்கில், யானை புகுந்த கூண்டினுள் நேரே நோக்கத்தக்க இடத்தில் அமர்ந்தவர் சிலரே. செய்தி பெரிது, காட்சி அத்துணைப் பெரிதன்று.

பேசாப்படம் பெருகிய காலத்தில் அவர் அதனையும் முயன்றார். 1919-இல் வெளிவந்த 'கிரிம் கேம்' என்னும் படத்திற்காகக் காட்சி எடுக்கும்பொழுது, இரண்டு வான ஊர்திகள் மெய்யாகவே நடுவானில் மோதின. நல்லூழால் உயிர்ச்சேதம் இல்லை. அம்மோதல் படத்திற் சேர்க்கப்பட்டு விளம்பரமும் செய்யப்பட்டது. ஆயினும் அப்பொழுது கயிற்றில் தொங்கியவர் ஹூடினி அல்லர், அவர்க்காக நின்ற வேறொருவர். 1921-இல் சொந்தமாகப் படநிறுவனமும் தொடங்கினார். இரண்டு படங்கட்குப்பின் அது நின்றது.

படம் தோற்றமைக்குக் காரணம் யாது? அரங்கில், 'இவர் விடுபடுவாரா?' என்னும் வினாவிற்கு விடை அந்நொடியில், காண்போர் முன்னிலையில், பிறக்கின்றது. படத்திலோ விடை முன்னரே பிறந்துவிட்டது. நடிகர் உயிருடன் உள்ளார் என்பது படம் தொடங்குமுன்னரே தெரியும். கருவியால் எதனையும் காட்டலாம் என்பதும் மக்கள் அறிவர். எனவே மெய்யான மோதலும் பொய்யான மோதலும் திரையில் ஒன்றாகவே தோன்றும். ஹூடினி கருவியை மாற்றினார். ஆனால் அக்கருவி அவருடைய வினாவையே அழித்துவிட்டது. புதுமை தோற்றது அது புதுமையாகையால் அன்று, வேரை அறுத்தமையால்.

8. வினா வேறு களம் புகுதல்

1920-ஆம் ஆண்டு தொடங்கும்பொழுது ஹூடினிக்கு வயது நாற்பத்தைந்து. உடல் தளரும் காலத்தில், உடலையே மூலதனமாகக் கொண்டவர் செய்யத்தக்கது யாது? முதல் உலகப்போரில் மக்களை இழந்த குடும்பங்கள் எண்ணிறந்தன. இறந்தாரோடு பேசுவிப்பதாகக் கூறி, இருட்டறையில் மேசையை அசைத்தும் மணியை ஒலித்தும் பொருள் பறிப்போர் நாடெங்கும் கிளம்பினர். ஹூடினியும் 1913-இல் தம் அன்னையாரை இழந்து ஆற்றாது வருந்தியவர். 1922-இல், துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கானன் டாயிலின் மனைவியார், ஹூடினியின் அன்னையாரது ஆவி எழுதுவித்ததாகப் பல பக்கங்கள் எழுதித் தந்தார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பில் சிலுவைக்குறியும் இருந்தது. அன்னையாரோ யூத குருவின் மனைவி. ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமும் இல்லாதவர். நண்பர் இருவர்க்கும் பகை மூண்டது.

அதன்பின், கட்டுகளினின்று விடுபடுவோர் பயன்படுத்தும் நுட்பம் அனைத்தும் அறிந்த ஹூடினி, அந்நுட்பங்களை இருட்டறையிற் கையாளுவோரை வெளிப்படுத்தலானார். 'சயன்டிபிக் அமெரிக்கன்' என்னும் இதழ், ஆவிச் செயலை ஐயமற மெய்ப்பிப்பார்க்கு 2,500 டாலர் பரிசு அறிவித்து அமைத்த ஆய்வுக்குழுவில் அவரும் ஒருவர். 1924-இல் பாஸ்டன் நகரத்துப் புகழ்பெற்ற ஆவியூடகர் ஒருவரை ஆராய்ந்து, அவர் செயல்களைத் தாமே மேடையில் செய்து காட்டினார். 1926-இல், காசு பெற்றுக் குறி சொல்லுதலைத் தலைநகரில் தடுக்கும் சட்டத்திற்காக அமெரிக்கப் பேராயக் குழுவின் முன் சான்றுரைத்தார், அச்சட்டம் நிறைவேறவில்லை.

மேலோட்டமாக நோக்கின், வித்தைக்காரர் சீர்திருத்தக்காரர் ஆனார் என்று தோன்றும். உற்று நோக்கின் வினா பழையதே. முன்பு விலங்கிட்டவர் காவலர். விடுபட வேண்டியவர் ஹூடினி. இப்பொழுது விலங்கிட்டது மூடநம்பிக்கை; விடுபட வேண்டியவர் காண்போர். 1925 முதல் நடத்திய முழுமாலை நிகழ்ச்சியில் மூன்று பகுதிகள் இருந்தன: முதலில் செப்படி வித்தை, அடுத்துத் தளைகளினின்று விடுபடுதல், இறுதியில் போலி ஆவியூடகரை வெளிப்படுத்தல். 1899-இல் துறந்த சிறு வித்தைகளும் இப்பொழுது உரிய இடம் பெற்றுத் திரும்பின.

1926 ஆகஸ்டு 5-ஆம் நாள், நியூயார்க்கு விடுதி ஒன்றின் நீச்சற்குளத்தில், அடைக்கப்பட்ட உலோகப் பெட்டிக்குள் 91 நிமிடம் கிடந்தார். அதற்குச் சில நாள் முன்னர், ரகுமான் பே என்பார் ஒருவகை யோகநிலையால் தாம் ஒரு மணி நேரம் அவ்வாறு கிடந்ததாகக் கூறியிருந்தார். ஹூடினியோ, தெய்வ ஆற்றல் ஒன்றும் இல்லை. அச்சமின்றி அசையாது மெல்ல மூச்சு விடுதலே போதும் என்றார். சுரங்கத்தில் அகப்பட்டார்க்கு இவ்வறிவு பயன்படும் எனக் கருதி, தம் நுகர்ச்சியை அரசாங்கச் சுரங்கத் துறை மருத்துவர்க்கு எழுதியும் அனுப்பினார். மறையைக் காத்துப் பொருளீட்டியவர், மறையைத் திறந்து பயன்செய்யும் நிலைக்கு உயர்ந்தமை இங்குக் காண்க.

9. புதுமையின் விலை

இவ்வாழ்க்கையின் முடிவு நம்மை எச்சரிப்பதாகவும் உள்ளது. 1926 அக்டோபரில் ஆல்பனி நகரில் நீர்ச்சிறையின் தளை கணுக்காலை முறித்தது. மருத்துவர் சொல்லைக் கேளாது மாண்ட்ரியல் சென்றார். அங்கு மாணவர் ஒருவர், எத்துணைக் குத்தையும் வயிறு தாங்கும் என்பது மெய்யோ எனக் கேட்டு, அவர் உடலை இறுக்கிக்கொள்ளுமுன்னரே பல முறை குத்தினார். ஏற்கெனவே குடல்வால் அழற்சி இருந்ததோ, குத்தினால் அது முற்றியதோ என்பது பற்றி மருத்துவர் கருத்து வேறுபடுவர். கடுங்காய்ச்சலுடன் அக்டோபர் 24-ஆம் நாள் டெட்ராயிட் நகரில் மேடையேறினார். அக்டோபர் 31-ஆம் நாள், 52-ஆம் வயதில், மருத்துவமனையில் இறந்தார்.

எதனாலும் தளராதவர் என்னும் பெயர் அவர்க்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. இறுதியில் அப்பெயரே அவர் ஓய்வு கொள்ளவும் நோயைக் கூறவும் தடையாயிற்று. எத்தனையோ விலங்குகளைக் கழற்றியவர், தம் புகழ் இட்ட விலங்கைக் கழற்ற மாட்டாதவரானார். ஒவ்வோராண்டும் தம்மையே வெல்ல வேண்டும் என்னும் நெறிக்கு எல்லை வகுக்காவிடின், அந்நெறியே உயிருண்ணும் என்பதற்கு இது சான்று.

அவர்தம் கருவிகள் பல இளவல் ஹார்டீனைச் சேர்ந்தன. அவர் 1945-இல் இறக்கும்வரை திறம்பட அவற்றைக் காட்டி வந்தார். கைத்திறனிற் குறைந்தவரும் அல்லர். எனினும் இன்று உலகம் நினைப்பது ஒரு பெயரையே. கருவியும் மறையும் மரபுரிமையாய்க் கிடைக்கும். அவற்றை ஆக்கிய தேட்டம் கிடைப்பதில்லை.

10. பெறத்தக்க பயன்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம்.

ஒன்று: புதுமைக்கு முன்னர்த் துறவு வேண்டும். பலவற்றை விட்டாலன்றி ஒன்று சிறவாது.

இரண்டு: தம் சிறந்த செயலைப் பிறர் பழையதாக்குமுன் தாமே பழையதாக்குதல் வேண்டும். கைவிலங்கு நன்கு பொருளீட்டிய காலத்திலேயே பாற்கலம் ஆக்கப்பட்டது. வருவாய் வற்றியபின் அன்று.

மூன்று: மாறுவன பலவாயினும் மாறாதது ஒன்று இருத்தல் வேண்டும். ஹூடினிக்கு அது ஒரு வினா. அவ்வினாவை வளர்த்த புதுமைகள் நிலைத்தன. அதனை மறந்த புதுமைகள் மறைந்தன.

நான்கு: காண்போரின் காலத்தை அறிதல் வேண்டும். ஈதர் மணமும், காவலர் விலங்கும், போர் தந்த துயரும் அவ்வக்காலத்து மக்கள் உள்ளத்தில் ஓடியவை.

ஐந்து: உடலுக்கும் ஆசைக்கும் எல்லை வகுத்தல் வேண்டும்.

இவை வித்தைக்காரர்க்கு மட்டும் உரியனவல்ல. முதலாண்டில் எழுதிய குறிப்பையே இருபதாண்டும் படித்துக் காட்டும் ஆசிரியரும், ஒரு பரிசு பெற்ற பேச்சையே மேடைதோறும் உரைக்கும் மாணவரும், தம் முன்னோர் பெயரால் வாணிகம் நடத்தும் வணிகரும், கூத்து முடிந்து கலையும் கூட்டத்தின் முன்னேதான் நிற்கின்றனர். அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டுவது, 'இவ்வாண்டு எதனைப் புதிதாய்ச் செய்வோம்?' என்பதன்று. 'எம்மிடம் மாறாதிருக்க வேண்டிய ஒன்று யாது? அதன்பொருட்டு எவற்றை விடத் துணிவோம்?' என்பதே. முதல் வினாவிற்கு விடை ஆண்டுதோறும் மாறும். இரண்டாம் வினாவிற்கு விடை கண்டவர், ஆண்டுதோறும் மாறினும், தாம் யார் என்பதை இழக்கமாட்டார்.